ட்ரைட்டனிலிருந்து கணினிக்கு: பழைய சீக்வென்ஸ்களில் எது வந்து சேர்கிறது, எது நின்றுவிடுகிறது

சிங்கப்பூரில் தமிழ்த் திருமண வரவேற்புகளிலும் சமூக மன்ற மேடைகளிலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளிலும் வாசித்துவந்த மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில், இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிய காலத்தில், பாதிக் குழுவின் வேலையைச் செய்தது கீபோர்டு வாசிப்பவரின் முன்னால் இருந்த ஒரே ஒரு பெட்டிதான். பேஸ் கிட்டார், வயலின் கூட்டம், கோரஸ், தபேலாவுக்குக் கீழே ஓடும் ஷேக்கர் என ஆள் கிடைக்காத அத்தனையையும் வீட்டில் உட்கார்ந்து ட்ராக் ட்ராக்காகப் பதித்து வைத்துக்கொண்டு, மேடையில் ஒரு பொத்தானை அழுத்தி ஓடவிடுவார்கள். அதற்குச் 'சீக்வென்ஸ் போடுவது' என்று பெயர். இப்போது அந்த இடத்தை மடிக்கணினியும், பாடகரின் குரலை நீக்கிய 'மைனஸ் ஒன்' ஒலிக்கோப்பும் பிடித்துக்கொண்டன. கோர்க் ட்ரைட்டன், யமஹா மோட்டிஃப், ரோலண்ட் எக்ஸ்பி-80 போன்ற அந்தப் பெட்டிகளோ வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளின் பாம் ஷெல்டர் என்ற சேமிப்பறையில், இஸ்திரி மேசைக்கும் பழைய சூட்கேசுக்கும் நடுவே, நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன.

அவற்றில் இருக்கும் வேலையைக் கணினிக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "மிடி ஃபைலாக சேவ் பண்ணி, சாஃப்ட்வேரில் திறந்தால் போதும்" என்பது. அது பொய்யில்லை. நோட்டுகளைக் கொண்டுவருவது உண்மையிலேயே சிறிது நேர வேலைதான். ஆனால், திறந்து ஓடவிட்டவுடன் கேட்பது அந்தப் பாட்டாக இருக்காது; தவில் இருந்த இடத்தில் பாங்கோ ஒலிக்கும், புல்லாங்குழலின் கமகம் சுருங்கிப்போய் அபசுரமாகும், பல்லவிக்கு முன் வரும் ஃபில், அதாவது தாளவாத்தியத்தின் சிறு நிரப்பு, காணாமல் போயிருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். கோப்பு பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. நோட்டுகளுக்கு வெளியே அந்த இயந்திரம் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கோப்பு முழுமையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆகவே, இடமாற்றம் என்பதை ஒரு கோப்பை நகலெடுக்கும் வேலையாகக் கருதாமல், இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே அதன் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொள்ளும் வேலையாகக் கருதுவதே சரி.

மிடி எதைச் சுமக்கிறது

மிடி என்பது 1983-ல் நடைமுறைக்கு வந்த ஒரு பொது ஒப்பந்தம். அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றார்கள். அவ்வாண்டு ஜனவரியில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஒருவர் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கருவியும் மற்றவர் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-6 கருவியும் ஒரே கேபிளில் பேசிக்கொண்டன. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-ல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. அந்தக் கேபிளில் ஓடுவது ஒலி இல்லை. இந்தச் சேனலில், இந்த எண்ணுள்ள கட்டையை, இந்த வேகத்தில் அழுத்து, இப்போது விடு, இந்த எண்ணுள்ள குரலுக்கு (வாத்திய ஒலிக்கு) மாறு என்பன போன்ற கட்டளைகள் மட்டுமே ஓடுகின்றன. நோட் ஒன்றை ஒலிக்கச் செய்ய மூன்று பைட்டுகள் போதும். அப்படிப்பட்ட கட்டளைகளை நேரக் குறியுடன் வரிசையாகச் சேர்த்து வைத்தால் அதுதான் சீக்வென்ஸ்.

கர்நாடக இசை படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஸ்வரப்படுத்திய கீர்த்தனைப் புத்தகம் எதைத் தருகிறதோ அதைத்தான் மிடி கோப்பும் தருகிறது. புத்தகத்தில் 'ரி' என்று எழுதியிருக்கும், அந்த 'ரி' எப்படி அசையவேண்டும் என்பது பாடம் சொல்லும் ஆசிரியரிடம் இருக்கும். ட்ரைட்டன் என்பது அந்த ஆசிரியர்.

வீட்டுக் கணினியையும் கீபோர்டையும் இணைப்பதில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லிவிடலாம். சிம் வோங் ஹூ 1981-ல் இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989-ல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் ஜாய்ஸ்டிக்குக்கென்று இருந்த 15 முள் துளை, தனிக் கேபிள் ஒன்றைச் செருகினால் மிடி துளையாகவும் வேலை செய்தது. தனி மிடி அட்டை வாங்க வசதியில்லாத மாணவருக்கும் இசைக் கணினி கைக்கெட்டியதற்கு அந்தத் துளை ஒரு காரணம். 1993-ல் அதே நிறுவனம் அமெரிக்காவின் ஈ-மு சிஸ்டம்ஸ் என்ற சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) நிறுவனத்தை வாங்கியது. பிற்காலத்தில் யுஎஸ்பி வந்து அந்த 15 முள் துளையை இல்லாமலாக்கியது. பழைய கேபிள் வைத்திருப்பவர்கள் அதை இப்போது எங்கும் செருக முடியாது.

முதலில் தரவைக் காப்பாற்றுவது

எதற்கும் முன்னால், இயந்திரத்தை இயக்கிப் பார்க்கும் முன்னாலேயே, அதன் நினைவகம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1999-ல் வந்த ட்ரைட்டனில் 16 ட்ராக்குகளும், மொத்தம் இரண்டு லட்சம் நோட்டுகளுக்கு இடமும் உண்டு. ஆனால் மின்சாரத்தை நிறுத்தியவுடன் சீக்வென்சரில் உள்ள பாட்டுகள் மறைந்துவிடும். ஆகவே ட்ரைட்டன்காரர்களின் உழைப்பெல்லாம் ஃபிளாப்பி வட்டுகளில்தான் இருக்கிறது. 1988-ல் வந்த கோர்க் எம்1 இதற்கு நேர்மாறு. அதில் வட்டு செருக இடமே இல்லை. பாட்டுகளை ஒரு சிறிய லித்தியம் பேட்டரி உள்ளேயே காத்துவருகிறது, பேட்டரி தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. பேட்டரி குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தெரிந்தால், பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு முதலில் பேட்டரியைக் கழற்றியவர்கள் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள்.

எம்1 போன்றவற்றிலிருந்து எடுப்பதற்கு 'சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ்' எனப்படும் மொத்தக் கொட்டலே வழி. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பதினாறடிமான எண்முறையில் ரோலண்டுக்கு 41, கோர்க்குக்கு 42, யமஹாவுக்கு 43. அந்த எண்ணுக்குப் பின்னால் வருவது அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழி. கணினி அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டால் அப்படியே திருப்பித் தரும்; அதைத் திறந்து நோட்டுகளாகக் காட்டச் சொன்னால் காட்டாது. எனவே இது காப்புப் பிரதி மட்டுமே. மிடி கேபிளின் வேகம் வினாடிக்கு 31,250 பிட்டுகள், அதாவது ஏறத்தாழ 3,125 பைட்டுகள். 100 கிலோபைட் கொட்டி முடிய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மலிவான யுஎஸ்பி மிடி கேபிள்கள் சில, சாதாரண நோட்டுகளை ஒழுங்காகக் கடத்தினாலும், இத்தகைய நீண்ட கொட்டலின் நடுவே சில பைட்டுகளை விழுங்கிவிடும். அதனால், இரண்டு தடவை வாங்கி இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஃபிளாப்பி வட்டுகளுக்கு இந்த ஊரின் பெரிய பகை ஈரப்பதம். ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் நிற்கும் ஊரில், குளிர்சாதனம் இல்லாத சேமிப்பறையில் இருபது ஆண்டு கிடந்த வட்டை அப்படியே செருகக் கூடாது. உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே தெரியும் பழுப்பு நிறத் தட்டை நடுவிலுள்ள சக்கரத்தைத் திருப்பி ஒரு சுற்றுச் சுற்றி, விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி படிந்ததுபோல வெண்மையான புள்ளிகளோ நூல்போன்ற படர்வோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த வட்டைச் செருகினால் அது படிப்பானின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துச் செருகும் நல்ல வட்டுகளையும் கீறிவிடும். சுத்தமாக இருக்கும் வட்டுகளை முதலிலும் சந்தேகத்துக்குரியவற்றைக் கடைசியிலும் படிப்பதே முறை. மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளைத் துளை திறந்திருக்கும்படி நகர்த்திவிட்டால் வட்டில் யாரும் எதையும் எழுத முடியாது. அதைச் செய்யாமல் எந்த வட்டையும் செருகக் கூடாது.

ட்ரைட்டன் வட்டுகள் பழைய கணினிகளின் சாதாரண டாஸ் முறையில் அமைந்தவை, ஆகவே யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று இருந்தால் இன்றைய கணினியிலேயே கோப்புகளைப் பார்க்கலாம். 1.44 மெகாபைட் வட்டுகளை இந்த டிரைவ்கள் எல்லாம் படிக்கும். பழைய 720 கிலோபைட் வட்டுகளைச் சில படிப்பதில்லை. ரோலண்ட் எம்சி-500 போன்ற 1980களின் தனி சீக்வென்சர்கள் தங்களுக்கென்றே ஒரு வட்டு முறையை வைத்திருந்தன, அவற்றைக் கணினி கண்டுகொள்ளாது. பழைய மின்சாதனம் தேடுபவர்கள் போய்வந்த சுங்கை சாலைச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டதால், இப்போது இத்தகைய உதிரிகளுக்குச் சிம் லிம் பக்கம் உள்ள கடைகளும் இணைய விற்பனையும்தான் கதி. ஜப்பானிலிருந்து நேரடியாக வாங்கிய இயந்திரம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அது 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம். நம் வீட்டுச் சுவரில் வருவது 230. பின்புறத் தகட்டைப் படிக்காமல் செருகினால், பிறகு இடமாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

மிடி கோப்பாக்கும்போது

வட்டில் உள்ள கோர்க் பாட்டுக் கோப்பு அந்த இயந்திரத்துக்கே உரியது. இசை மென்பொருளில் திறப்பதற்கு, அதை இயந்திரத்துக்குள் ஏற்றி, வட்டுப் பக்கத்தில் 'ஸ்டாண்டர்ட் மிடி ஃபைல்' ஆக ஒவ்வொரு பாட்டாகச் சேமிக்க வேண்டும். அப்போது வகை 0 வேண்டுமா வகை 1 வேண்டுமா என்று அது கேட்கும். யோசிக்காமல் வகை 1 என்று சொல்லிவிடலாம். வகை 0 எல்லா ட்ராக்குகளையும் ஒரே வரிசையில் கொட்டிவிடுகிறது. வெவ்வேறு சேனல்களில் இருந்தவற்றை மென்பொருள் பிறகு பிரித்துக்கொள்ளும், ஆனால் ஒரே சேனலில் இரண்டு ட்ராக்குகள் இருந்திருந்தால், உதாரணமாக வலது கைச் சொற்கட்டும் இடது கை ஓசையும் ஒரே டோலக் குரலில் தனித்தனியே பதிக்கப்பட்டிருந்தால், அவை கலந்தது கலந்ததுதான். வகை 1 ட்ராக்கைத் ட்ராக்காகவே வைத்திருக்கிறது.

இயந்திரத்துக்குள் இருக்கும் பேட்டர்ன்கள் அடுத்த கண்ணி. சில சீக்வென்சர்களில், நான்கு அட்சரத் தாளக்கட்டை ஒரு பேட்டர்னாகச் செய்து, ட்ராக்கில் அதன் எண்ணை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம். அல்லது ஒரே கட்டையை அழுத்தி ஒரு முழு ஃபில்லை எழுப்பலாம். இவற்றில் எது கோப்புக்குள் நோட்டுகளாக விரியும், எது வெறும் அழைப்பாகவே நின்றுவிடும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஊகிக்க வேண்டியதில்லை. சேமிப்பதற்கு முன் பேட்டர்னை ட்ராக்குக்குள் நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்து, அந்த ட்ராக்கின் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து நோட்டுகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டால் போதும்.

டெம்போவும் தாள அளவும் கோப்புடன் வரும். டெம்போவைக் கோப்பு, ஒரு அட்சரத்துக்கு எத்தனை மைக்ரோவினாடி என்ற கணக்கில் எழுதுகிறது; நிமிடத்துக்கு 120 என்றால் 5,00,000. நடுவில் வேகம் கூடும் பாட்டுகளுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் அந்த மாற்றங்கள் எல்லாம் மென்பொருளின் டெம்போ வரிசையில் தாமாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

நடைகளைப் பற்றி, அதாவது ஓர் அட்சரத்தை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பதைப் பற்றி, சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் இசைக்கு மட்டும் உரிய ஒரு விபத்து இங்கேதான் நடக்கிறது. சீக்வென்சர் ஒவ்வொரு அட்சரத்தையும் சில 'டிக்'குகளாகப் பிரித்து, நோட்டுகளை அந்தந்த டிக்கின் மேல் வைக்கிறது. ட்ரைட்டனில் ஓர் அட்சரத்துக்கு 192 டிக். இன்றைய மென்பொருள்களில் 480 அல்லது 960 வழக்கம். 192-ஐ மூன்றாகவும் நான்காகவும் மீதியில்லாமல் வகுக்கலாம், ஆகவே திஸ்ரத்துக்கும் சதுஸ்ரத்துக்கும் குறையில்லை. ஐந்தாகப் பிரியும் கண்ட நடைக்கு வகுத்தால் 38.4 வருகிறது. டிக்கில் பின்னம் கிடையாது என்பதால், ஐந்து தட்டுகளும் 0, 38, 77, 115, 154 என்ற இடங்களில் உட்காருகின்றன. 960 டிக் மென்பொருளுக்கு வரும்போது எல்லாம் ஐந்தால் பெருகி 0, 190, 385, 575, 770 ஆகின்றன. சரியான இடங்கள் 0, 192, 384, 576, 768. இரண்டு டிக் வித்தியாசம், 120 வேகத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. மிருதங்க வித்துவானுக்கும் இது கேட்காது. இதைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் திருத்துகிறார்கள். கோப்பைத் திறந்ததும், நோட்டுகள் கட்டத்தின் கோட்டில் சரியாக உட்காரவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நான்கிலொரு பங்கு அட்சரத்துக்குக் குவான்டைஸ் (ஒவ்வொரு நோட்டையும் அருகிலுள்ள கோட்டுக்கு இழுக்கும் கட்டளை) கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தின் கோடுகள் 0, 240, 480, 720-ல் இருக்கின்றன. 190-ல் இருந்த தட்டு 240-க்குப் போகிறது, 385-ல் இருந்தது 480-க்குப் போகிறது, 575-ல் இருந்ததும் அதே 480-க்கு வருகிறது, 770-ல் இருந்தது 720-க்குப் பின்வாங்குகிறது. 'தகதகிட' என்று ஐந்தாக ஓடியது, நடுவில் இரண்டு தட்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த சதுஸ்ரமாகிவிடுகிறது. பாட்டு முழுக்கச் சதுஸ்ரமாக இருந்து, ஒரே ஒரு கோர்வையில் மட்டும் கண்டம் வந்திருந்தால், இது பல நாள் கண்ணில் படாமலே கிடக்கும். மாற்றப்பட்ட கோப்பை எக்காரணம் கொண்டும் மொத்தமாகக் குவான்டைஸ் செய்யக் கூடாது என்பது என் கருத்து; வாசித்தவரின் கை சற்று முன்பின்னாக விழுந்திருந்தால் அதுவும் அந்தப் பாட்டின் பகுதிதான்.

கமகம் சுருங்குவது எப்படி

கீபோர்டில் நம் பாட்டுகளை வாசிப்பவர்கள் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டை இடது கையால் அசைத்துக்கொண்டேதான் வலது கையால் வாசிப்பார்கள். பெண்டின் நிலையை மிடி 16,384 படிகளில் குறிக்கிறது. நடுவிலிருந்து மேலே 8,191 படிகள், கீழே 8,192. ஆனால் முழுவதும் தள்ளினால் சுருதி எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அந்தப் படிகள் சொல்வதில்லை. அது இயந்திரத்தில் அந்தக் குரலுக்குள் இருக்கும் ஓர் அமைப்பு. பெரும்பாலான கருவிகளும் மென்பொருள் வாத்தியங்களும் இரண்டு அரைச்சுரம் என்ற அளவுடனேயே வருகின்றன. நாதஸ்வரம், புல்லாங்குழல், வீணைக் குரல்களுக்கு நீண்ட இழைவு வேண்டுமென்று அதைப் பன்னிரண்டாக, அதாவது ஒரு முழு ஸ்தாயியாக, மாற்றி வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு.

இப்போது ஒரு கணக்கு. பெண்ட் அளவு 12 ஆக இருக்கும்போது ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு, அதாவது இரண்டு அரைச்சுரம், இழுத்துக் கொண்டுபோனால் கோப்பில் பதிவது 8,191-ல் ஆறிலொரு பங்கு, ஏறத்தாழ 1,365. அதே 1,365 கணினியில் அளவு 2 உள்ள வாத்தியத்துக்குப் போனால், இரண்டு அரைச்சுரத்தில் ஆறிலொரு பங்குதான் ஏறும், அரைச்சுரத்தில் மூன்றிலொன்று. ரிஷபத்தைத் தொட வேண்டிய குழல், ஷட்ஜத்துக்குச் சற்று மேலே போய்த் தள்ளாடிவிட்டுத் திரும்புகிறது. கேட்பவருக்கு அது கமகமாகத் தோன்றாது, சுருதி சேராத வாத்தியமாகத் தோன்றும்.

மருந்து எளிது. ட்ராக்கின் தொடக்கத்தில், முதல் நோட்டுக்கு முன்னால், நான்கு கட்டுப்பாட்டு எண்களை வரிசையாக எழுத வேண்டும்: 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 12, 38-க்கு 0. பிறகு 101-க்கும் 100-க்கும் 127 கொடுத்து அந்தக் கதவை மூடிவிடுவது நல்ல பழக்கம், இல்லையேல் பின்னால் தற்செயலாக வரும் 6-ஆம் எண் கட்டளை பெண்ட் அளவையே மாற்றிவிடக்கூடும். சில மென்பொருள் வாத்தியங்கள் இக்கட்டளையைக் கண்டுகொள்வதில்லை. அவற்றில் கையால் 12 என்று அமைக்க வேண்டியதுதான். எப்படியாயினும், இயந்திரம் வேலை செய்யும்போதே ஒவ்வொரு குரலின் பெண்ட் அளவையும் பார்த்து எழுதி வைத்திருந்தால்தான் எந்த எண்ணைப் போடுவது என்று தெரியும். இயந்திரம் இறந்தபின் அதைக் காதால் கண்டுபிடிக்கலாம், ஆனால் அது குரலுக்குக் குரல் நடத்த வேண்டிய தனி ஆராய்ச்சி.

தாளவாத்தியங்களின் கதை இன்னும் மோசம், ஆனால் சொல்லச் சுருக்கமானது. 1991-ல் வந்த ஜெனரல் மிடி ஒப்பந்தப்படி பத்தாவது சேனலில் 36 என்றால் பேஸ் டிரம், 38 என்றால் ஸ்நேர், 60 முதல் 64 வரை பாங்கோவும் கோங்காவும். தவிலையும் உறுமியையும் பறையையும் சாம்ப்ளாக (ஒலித்துண்டாக) எடுத்துத் தாமே ஒரு கிட் (தாளவாத்தியத் தொகுப்பு) அமைத்தவர், அவற்றை அந்த எண்களிலேயே வைத்திருப்பார். கோப்பில் எண் மட்டும் போகிறது, சாம்ப்ளும் கிட்டும் வேறு கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை ட்ரைட்டனில் தனியாகச் சேமித்திருக்க வேண்டும். சாம்ப்ள் நினைவகமும் மின்சாரம் நின்றால் அழிவதே. எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்ற அட்டவணை கையில் இருந்தால், மென்பொருளில் ஒரு டிரம் மேப் செய்து எல்லாவற்றையும் உரிய இடத்துக்கு மாற்றிவிடலாம். அட்டவணையை எழுதும்போது ஸ்தாயிப் பெயரை நம்பாமல் எண்ணையே எழுதுவது பாதுகாப்பு, ஏனெனில் 60-ஆம் கட்டையை யமஹா 'சி3' என்கிறது, ரோலண்டும் கோர்க்கும் 'சி4' என்கின்றன.

ஒலியையும் கொண்டுவருவது

இவ்வளவு செய்தும் ட்ரைட்டனின் அந்த ஸ்ட்ரிங்ஸ் குரல் கணினியில் கிடைக்காது. அதற்கு ஈடாகச் சொல்லப்படும் மென்பொருள் பதிப்புகள் சில கருவிகளுக்கு உண்டு. ஆனால் ஒருவர் தம் கைப்பட மாற்றியமைத்த குரலும், அதன்மேல் போட்ட எஃபெக்ட்டும், அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே மிடி கோப்புடன் நிறுத்திக்கொள்ளாமல் ஒவ்வொரு ட்ராக்கையும் ஒலியாகவும் பதிந்துகொள்வதே முழுமையான இடமாற்றம்.

இதில் யார் யாருக்குக் கட்டுப்படுவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். பெட்டி ஓடக் கணினி பின்தொடர்வதைவிட, கணினி ஓடப் பெட்டி பின்தொடர்வது நம்பகமானது. மிடி கடிகாரம் ஓர் அட்சரத்துக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது. 120 வேகத்தில் துடிப்புக்குத் துடிப்பு 20.8 மில்லிவினாடி. இந்தத் துடிப்புகள் சற்று நடுங்கி வந்தால், பின்தொடரும் மென்பொருள் தன் டெம்போவைக் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொண்டே தடுமாறும். பழைய சீக்வென்சர்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பெட்டியில் கடிகாரத்தை வெளியிலிருந்து என்று மாற்றிவிட்டால் அது தன் சொந்த டெம்போ மாற்றங்களை மறந்துவிடும். இங்கேதான் முன்பு எடுத்த மிடி கோப்பு கைகொடுக்கிறது: அதைத் திறந்ததும் டெம்போ வரிசை மென்பொருளில் வந்துவிட்டதல்லவா, அதை வைத்துக் கணினி பெட்டியை ஓட்டும்.

அதன்பின், பெட்டியின் சீக்வென்சரில் ஒரு ட்ராக்கைத் தவிர மற்ற அனைத்தையும் ஊமையாக்கி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிட்டுப் பதிய வேண்டும். ட்ரைட்டனில் முதன்மை இணையுடன் நான்கு தனி வெளியீடுகளும் உண்டு, ஆகவே ஆறு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் ஒரே ஓட்டத்தில் சில ட்ராக்குகளை முடிக்கலாம். இரண்டு உள்ளீடு மட்டும் இருந்தால், நான்கு நிமிடப் பாட்டுக்கு 16 ட்ராக்குகள் என ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட், மொத்தம் ஒரு கிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். இருபது பாட்டு வைத்திருப்பவர் சனி ஞாயிறுகளை ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ரிவெர்ப் (எதிரொலிப்பு) போன்ற பொது எஃபெக்ட்டை நிறுத்திவிட்டுப் பதிவதா, வைத்துக்கொண்டே பதிவதா என்று கேட்டால், ட்ராக்குகளை நிறுத்திவிட்டுப் பதிந்து, முழுப் பாட்டையும் எஃபெக்ட்டுடன் இன்னொரு முறை ஒன்றாகப் பதிந்துவைப்பேன். பின்னால் கலக்கும்போது எது போல ஒலிக்க வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

பாட்டு தொடங்கும் இடத்தில் வெற்று அட்சரங்கள் இல்லாமல் முதல் நோட்டே வந்துவிட்டால் சிக்கல். பதினாறு சேனல்களுக்கும் குரல் வங்கி, குரல் எண், ஒலி அளவு, இடவல நிலை ஆகியவற்றைச் சொல்லச் சேனலுக்கு 14 பைட் வீதம் 224 பைட் தேவை. கேபிளில் அது கடக்க 70 மில்லிவினாடிக்கு மேல் ஆகும், பெட்டி குரலை மாற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் தனி. அதனால்தான் அக்காலத்தில் அனுபவமுள்ளவர்கள் எல்லாப் பாட்டின் தலையிலும் ஓர் ஆவர்த்தனத்தைக் காலியாக விட்டுவைத்தார்கள். கணினியில் அந்தக் காலி இடத்தைத் தேவையற்றது என்று வெட்டி எறிபவர்கள், முதல் வரி தவறான குரலில் ஒலிப்பதைக் கேட்டுத் திகைக்கிறார்கள்.

கணினியிலிருந்தபடியே கீபோர்டை வாசித்து வேறு ட்ராக் சேர்க்க நினைப்பவர்கள் 'லோக்கல்' என்ற அமைப்பை நிறுத்திவிட வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால், அழுத்திய கட்டை பெட்டிக்குள் ஒரு முறையும், கணினி வழியாகச் சுற்றிவந்து இன்னொரு முறையும் ஒலித்து, குரலெல்லாம் இரட்டையாகிக் கரகரக்கும். பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

தேசிய நூலக வாரியத்தின் துணையுடன் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியப் படைப்புகள் 2015-ல் மின்மயமாயின. அதைத் தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் அத்தகைய தொகுப்பு முயற்சி நடந்தது. அச்சிட்ட பாட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் அத்தகைய தொகுப்பில் இடம் எளிதில் கிடைக்கும். சீக்வென்ஸ் இரண்டிலும் சேராதது: தாளில் எழுதிய இசையும் இல்லை, பதிவான ஒலியும் இல்லை, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் முன் மட்டுமே இசையாவது. உள்ளூர்ப் பாடலாசிரியர்களின் பாட்டுகளுக்கும் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் இங்கே போடப்பட்ட பின்னணி இசையில் ஒரு பகுதி இந்த வடிவில் மட்டுமே இருக்கக்கூடும்.

சேமித்து வைக்கும்போது, மென்பொருளின் திட்டக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்வது போதாது. பத்தாண்டு கழித்து அந்த மென்பொருளின் புதிய பதிப்பே பழைய திட்டத்தை முழுதாகத் திறக்க மறுக்கலாம், அதற்குள் ஏற்றிய வாத்தியங்கள் விற்பனையிலிருந்தே போயிருக்கலாம். வகை 1 மிடி கோப்பு, ட்ராக்குகளின் வேவ் கோப்புகள், வட்டிலிருந்து எடுத்த மூலக் கோப்புகள் மூன்றும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். அவற்றுடன் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இயந்திரத்தின் பெயர், பாட்டின் சுருதியும் தாளமும் நடையும், ஒவ்வொரு சேனலின் குரல் பெயரும் வங்கி எண்ணும் பெண்ட் அளவும், தாளவாத்திய எண்களின் அட்டவணை, எந்த வட்டிலிருந்து எடுத்தது என்ற விவரம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். குரல் எண்ணை எழுதும்போது, திரையில் 1 முதல் 128 வரை காட்டும் பெட்டியும் 0 முதல் 127 வரை காட்டும் பெட்டியும் உண்டு என்பதால், எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறோம் என்பதையும் அதே வரியில் குறித்துவிட வேண்டும்.